‘க்ளாஸ்’ படத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலிலிருந்து ஒரு வாசகி, 4 செப்டம்பர் 2024

அண்ணா, போன மாசம் உங்க மொட்டைமாடியில போட்ட எஸ்தோனியப் படத்தை நானும் வந்து பார்த்தேன். ரெண்டு ராத்திரி உறக்கம் இல்ல. எனக்க மவன் எட்டாம் கிளாஸ் படிக்கான். கிளாஸ்ல நாலு பயலுவ அவனைப் பாடாப் படுத்துதானுவ, கேட்டா ஒண்ணும் இல்லங்கான். அடுத்து இதைப் பள்ளிக்கூடங்கள்ல போடப்போறதா நீங்க சொன்னீங்க. தயவுசெய்து போடாதீங்க. அடிவாங்குற பையன் கடைசியில துப்பாக்கி எடுக்கான், நாமளும் அவன் பக்கம்தான் நிக்கோம். பழிவாங்குறது சரின்னு படமே சொல்லுது. அடிபடுற பிள்ளை இதைப் பார்த்தா என்ன படிக்கும்?

4 செப்டம்பர், இரவு

அக்கா, பள்ளிக்கூடத்தில் போடுவோம் என்றது படம் முடிந்த சூட்டில் வாயில் வந்தது. அதைப் பற்றி யோசிக்கிறேன். ஆனால் பழிவாங்குவது சரி என்று படம் சொல்வதாக நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2007-ல் எஸ்தோனியாவில் வந்த படம், இல்மார் ராக் இயக்கியது. செலவு குறைவு, நட்சத்திரம் யாரும் கிடையாது. ஆனாலும் அந்த வருடம் ஆஸ்கருக்கு அந்த நாடு அனுப்பியது இதைத்தான். கதையில் யோசெப் என்று ஒரு பையன். நம்ம வேதாகமத்து யோசேப்பு பெயர்தான், சகோதரர்கள் சேர்ந்து குழியில் தள்ளினார்களே, அவன் பெயர். கூடைப்பந்து விளையாடத் தெரியாதவன். துணியை உருவி, பெண்பிள்ளைகள் உடை மாற்றுகிற அறைக்குள் அவனைத் தள்ளிவிடுகிறார்கள். படம் தொடங்குவதே ஏறக்குறைய அப்படித்தான். காஸ்பர் என்கிற இன்னொருவன் ஒரு கட்டத்தில் “போதும், விடுங்கடா” என்கிறான். அந்த ஒரு சொல்லுக்காக அன்றிலிருந்து அவனுக்கும் அடி.

கவனித்தீர்களா, பெரியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பா, திருப்பி அடி என்கிறார். அம்மா பள்ளிக்கூடத்தில் சொல்கிறாள், அது அவனுக்குக் கூடுதல் அடியாகத் திரும்பி வருகிறது. கடற்கரையில் அந்த ரெண்டு பேருக்கும் நடக்கிற அவமானத்தை நான் இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. முடிவில் யோசெப் உயிரோடு இல்லை. காஸ்பர் சாகவில்லை, நிற்கிறான். அதன் பிறகு அந்த ஊரும் பள்ளிக்கூடமும் பெற்றோரும் என்ன ஆனார்கள் என்று 2010-ல் ஏழு பாகமாக ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. சுட்டது சரி என்று நினைத்திருந்தால் ஏழு பாகத்துக்கு என்ன வேலை?

6 செப்டம்பர்

நேற்று முழுக்க உங்கள் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தில் சாப்பாட்டுக்கூடத்தில் துப்பாக்கி முதலில் வெடித்தபோது எனக்குள்ளே ஒருத்தன் சந்தோஷப்பட்டான். முதல் தடவை லேப்டாப்பில் தனியாகப் பார்த்தபோதும் அப்படித்தான், போன மாதம் உங்கள் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தபோதும் அப்படித்தான். அவன் யார் என்று எனக்குத் தெரியும், ஒன்பதாம் கிளாஸில் படித்துக்கொண்டிருந்த நான்.

குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் வெட்டுக்காரர், மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை, சொந்தத் தோட்டம் கிடையாது, கூலிக்கு வெட்டு. விடியற்காலை அவர் வெட்டிவிட்டு வர, நானும் அம்மாவும் சிரட்டை சிரட்டையாகப் பாலை ஊற்றி எடுப்போம். ஆசிட் விட்டு உறையவைத்து, முந்தின நாள் உறைந்ததை ரோலரில் ஷீட் அடித்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குளித்துப் பள்ளிக்கூடம் போவேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. சிரட்டையிலும் வெட்டுப் பட்டையிலும் ஒட்டிக் காய்ந்ததைப் பிய்த்துச் சாக்கில் கட்டி வைப்போமே, ஒட்டுப்பால், அது மழைக்காலத்தில் என்ன நாறும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ‘ஒட்டுப்பால்’. நான் கிளாஸுக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சில் மூன்று பேர் மூக்கைப் பொத்துவார்கள். அப்புறம் நாலு பெஞ்சு பொத்தும். பிறகு எல்லாரும்.

1998, மழைக்காலம். மூத்திரப்புரையில் என்னைப் பிடித்து நிறுத்தி, மைக்குப்பியில் கொண்டுவந்த பச்சைப் பாலைத் தலையில் ஊற்றினார்கள். தலையில் விழுந்த ரப்பர்ப்பால் கழுவினால் போகாது. காய்ந்து முடியோடு முடி ஒட்டி ஒரு தொப்பியாகிவிடும். அம்மா தேங்காயெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், மண்ணெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் கத்திரிக்கோலை எடுத்து வெட்டினாள். வெட்டும்போது ஒன்றும் கேட்கவில்லை, கை மட்டும் நடுங்கியது. மறுநாள் கிளாஸில் சார், “என்னலே, எலி கடிச்சுதா?” என்றார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. அவர் என்னைக் கேலி செய்ய நினைத்துக் கேட்கவில்லை என்று இப்போது தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பாவுடைய வெட்டுக் கத்தியை எடுத்துத் தினத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். நுனி வளைந்து பட்டையைச் சீவுகிற கத்தி, சாணை பிடித்தால் மயிரிழை வெட்டும். மூன்று நாள் அது என் பையில், கணக்கு நோட்டுக்கு அடியில் இருந்தது. யாரை, எங்கே, எந்த நேரம் என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் இருக்கிறவன் என் பையில் காம்பஸ் தேடிக் கைவிட்டான். கையை எடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகிற வழியை விட்டு, பட்டணங்கால் கால்வாய்க் கரை வழியே என்கூட நடந்து வந்தான். ரொம்ப தூரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “உனக்க அப்பாவுக்கு நாளைக்கி பால் வெட்டண்டாமா?”

அவ்வளவுதான் கேட்டான். கத்தி அன்று ராத்திரி இருந்த இடத்துக்குப் போய்விட்டது.

7 செப்டம்பர்

“அப்போ படத்தில் நடந்தது உங்கள் வாழ்க்கையிலும் நடந்திருக்கும், ஒரு நண்பன் காப்பாற்றினான், அதனால் நட்புதான் மருந்து” என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. யோசெப்புக்கும் நண்பன் இருந்தான். ரெண்டு பேருமாகத்தான் துப்பாக்கி எடுத்தார்கள்.

10 செப்டம்பர்

வள்ளியூரிலிருந்து ஒரு நண்பர் எழுதிய ரெண்டு வரி என்னை உட்கார வைத்துவிட்டது. “எஸ்தோனியா வரை ஏன் போகிறீர்கள்? ஆரல்வாய்மொழி தாண்டினால் எங்கள் ஊர், அதற்கடுத்து நாங்குநேரி. அங்கே ஆயுதம் எடுத்தது அடிபட்ட பிள்ளையா?”

இல்லை. 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி நாங்குநேரியில், பட்டியல் சாதி மாணவன் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அவர்களுடைய தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடத்தில் அவன் சொன்னான். அதுதான் அவன் செய்த குற்றம். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அடுத்த வருடம் அந்தப் பையன் பிளஸ் டூவில் 469 மதிப்பெண் வாங்கினான்.

இதை நான் யோசிக்கவே இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். படத்தில் பழிவாங்குகிறவன் அடிபட்டவன். நம்ம பக்கம் பழிவாங்குகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தவன். ‘என்னைப் பற்றிச் சாரிடம் சொன்னாயா’ என்று வருகிற பழி அது. ஆகவே அக்கா, நீங்கள் பயப்படுகிற மாதிரி உங்கள் மகன் படத்தைப் பார்த்துக் கத்தி எடுப்பான் என்று நானும் பயந்தால், பயம் தப்பான பிள்ளைமேல் போகிறது. அவன் “ஒண்ணும் இல்ல” என்று சொல்வதற்குக் காரணம் இருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

11 செப்டம்பர்

“அது திருநெல்வேலி. நம்ம குமரி மாவட்டத்தில் அப்படியெல்லாம் கிடையாது, படிப்பில் நாமதான் முதல்” என்று தக்கலையிலிருந்து ஒருவர். படிப்பில் முதல் என்பது உண்மை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் எந்த மாவட்டமும் நம்மைத் தொடவில்லை. என் தலையில் பால் ஊற்றிய மூன்று பேரும் நன்றாகப் படிக்கிறவர்கள்தான் ஐயா. ஒருத்தன் கிளாஸ் லீடர்.

எஸ்தோனியாவும் படித்த நாடுதான். மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய 13 லட்சம். நம்ம மாவட்டம் மட்டும் 18 லட்சத்து 70 ஆயிரம். நம்ம மாவட்டத்தைவிட ஆள் குறைந்த ஒரு நாடு, “எங்கள் கிளாஸ்ரூமுக்குள் இதுதான் நடக்கிறது” என்று படம் எடுத்து உலகத்துக்கு அனுப்பியது. நாம் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்ல மாட்டோம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஆணையம் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கையில் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று நிறையப் பரிந்துரை. அகர வரிசையைப் பற்றிப் பலர் அது என்ன பெரிய விஷயம் என்கிறார்கள். எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. கடைசி பெஞ்சில் மூன்று பேர் சேர்ந்து இருந்ததால்தான் மூக்கு பொத்துவது அங்கே தொடங்கியது.

12 செப்டம்பர்

ஒரு சின்னச் செய்தி, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். யோசெப்பாக நடித்த பார்ட் ஊஸ்பெர்க் இன்றைக்கு அந்த நாட்டில் பேர்பெற்ற இசையமைப்பாளர், சேர்ந்திசைப் பாடல்கள் எழுதுகிறார். 1869 முதல் ஊர் ஊராகக் கூடிப் பாட்டுவிழா நடத்துகிற தேசம் அது. திங்கள்சந்தையிலிருந்து வந்து படம் பார்த்த சபைக் கொயர்க்கார அம்மா ஒருவர், “அந்தப் பிள்ளை இப்போ எப்படி இருக்கு?” என்று நிஜத்தில் நடந்ததைப் போலக் கேட்டார். அவருக்காக இது. நன்றாக இருக்கிறான் மாமி, பாட்டு எழுதுகிறான்.

16 செப்டம்பர்

நேற்று ஓணத்துக்கு வாழ்த்துச் சொல்ல மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான், கால்வாய்க் கரையில் என்கூட நடந்து வந்தவன். இந்த இழையை யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாழ்த்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

“மக்கா, நீ எழுதுனது சரியில்ல கேட்டியா. மூத்திரப்புரைக்க வாசல்ல சாரு வாறாரான்னு பாத்துட்டு நின்னது ஆருன்னு உனக்கு ஓர்மை இல்லியா?”

எனக்கு ஓர்மை இல்லை. தலையில் பால் வழியும்போது கண்ணை மூடியிருந்தேன்.

“நான்தாம்லே நின்னது. நிக்கலன்னா அடுத்த குப்பி எனக்க தலையில.”

அப்படியென்றால் கத்தியைப் பார்த்த அன்று ஏன் என்கூட நடந்தாய் என்று கேட்டேன். “உனக்க அம்மா முடி வெட்டுனது ஒரு பக்கம் கோணலா இருந்துது. மூணு நாளா அதை எனக்குப் பாக்க முடியல்ல” என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். 6-ந் தேதி நான் எழுதியதை அழிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அது பாதிதான்.

19 செப்டம்பர்

மூன்று நாள் அவனுக்குப் பதில் போடவில்லை. கோபம். 26 வருடம் என்னைக் காப்பாற்றியவன் அவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிறுத்தினேன்.

நேற்று ராத்திரி படத்தின் முதல் பத்து நிமிடத்தை மட்டும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். யோசெப்பைத் தள்ளிவிடுகிற கூட்டத்தில் காஸ்பரும் இருக்கிறான். முதலில் எழுதியபோது இதை நான் சொல்லவே இல்லை, பாருங்கள். “இன்னொருவன் போதும் என்கிறான்” என்று எழுதிக் கடந்துவிட்டேன். எங்கிருந்தோ வந்த நல்லவன் இல்லை அவன், தள்ளிய கைகளில் ஒன்று. அந்தக் கைதான் பிறகு தடுக்கிறது.

பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்கிற உளவியல் ஆய்வாளர் 1996-லேயே இதைப் பிரித்து எழுதினார். அடிப்பவன், அடிபடுபவன் என்று ரெண்டு பேர் மட்டும் இல்லை. கூடச் சேர்ந்து பிடித்துக்கொள்கிறவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், விலகி நிற்கிறவன், அடிபடுபவன் பக்கம் வந்து நிற்கிறவன் என்று கிளாஸ் முழுக்க அதில் இருக்கிறது. அந்த நாட்டுத் துர்க்கு பல்கலைக்கழகம் பள்ளிக்கூடங்களுக்கு என்று உருவாக்கிய ‘கிவா’ திட்டம் இதன்மேல்தான் நிற்கிறது. அடிப்பவனைத் திருத்துவதோடு நிறுத்தாமல், பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை அசைப்பது. மூக்கைப் பொத்திய நாலாவது பெஞ்சு பொத்தாமல் இருந்திருந்தால் கடைசி பெஞ்சுக்கு அதில் என்ன ருசி இருந்திருக்கும்?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பத்தாம் கிளாஸ் போன பிறகு, ஆறாம் கிளாஸில் திக்கித் திக்கிப் பேசுகிற பையன் ஒருவனை அதே மூன்று பேர் நிறுத்தி வைத்து ‘பப்பாளி’ சொல்லச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். சிரித்தேன். அந்த நிமிடம் என்னை யாரும் ஒட்டுப்பால் என்று கூப்பிடவில்லை, அந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையன் முகம் ஞாபகம் இல்லை.

மஸ்கட்டுக்குக் காலையில் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

22 செப்டம்பர்

கருங்கல் அக்கா உள்பெட்டியில் கேட்டதற்குப் பொதுவிலேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும்.

பையனிடம் “ஆரு அடிச்சா, ஏன் சொல்லல்ல” என்று முகத்துக்கு நேரே கேட்காதீர்கள். கைவேலையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவனாகப் பேசட்டும். கிளாஸ் முன்னால் எழுப்பி நிறுத்தி விசாரிக்க வேண்டாம் என்று டீச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவனுக்கு அடுத்த அடி அங்கிருந்துதான் வரும். தேதி போட்டுக் குறித்து வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். அங்கே அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளைகளே கூப்பிடலாம்.

முக்கியமாக, சொன்ன பிறகு ஒரு மாதத்துக்கு அவன் போகிற வழியையும் வருகிற வழியையும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். நாங்குநேரியில் ஆபத்து சொன்ன பிறகுதான் வந்தது.

“திருப்பி அடி” என்று மட்டும் சொல்லாதீர்கள். என் மாமா எனக்கு அதைத்தான் சொன்னார். நாலு பேரை ஒருத்தன் கையால் திருப்பி அடிக்க முடியாது, அது எந்தப் பையனுக்கும் தெரியும். அப்போதுதான் கை வேறு எதையோ தேடும்.

6 அக்டோபர்

காலாண்டு லீவு முடிகிறது. அக்காவிடமிருந்து நேற்று வந்ததை அவர் அனுமதியோடு போடுகிறேன்:

“மரச்சீனிக் கிழங்கு தொலிச்சிட்டு இருக்கும்போ அவனே வந்து பக்கத்துல இருந்தான். ஒரு மூடு தீரும்வரை ஒண்ணும் பேசல்ல. அப்புறம் சொல்லத் தொடங்குனான் அண்ணா, கிழங்கெல்லாம் தீர்ந்தும் அவன் சொல்லித் தீரல்ல. நான் கத்தியைக் கீழ வைக்கவே இல்ல, வச்சா அவன் நிறுத்திருவானோன்னு பேடி. சும்மா தொலியையே அரிஞ்சிட்டு இருந்தேன். பள்ளிக்கூடம் தொறந்ததும் பேப்பர் எழுதிக்கொண்டு போறோம், அவங்க அப்பாவும் வாறாரு.”

படத்தைப் பற்றிய முடிவு: பள்ளிக்கூடத்தில் போடவில்லை. அக்கா சொன்ன காரணத்துக்காக இல்லை என்று இன்னமும் சொல்வேன். பழிவாங்கச் சொல்லித் தருகிற படம் இல்லை அது. ஆனால் கடற்கரைக் காட்சியைப் பதிமூன்று வயதுப் பிள்ளை பார்க்கக் கூடாது, அடிபடுகிற பிள்ளையும் அடிக்கிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருந்து பார்ப்பது அதைவிட மோசம். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் மறுபடி போடுகிறோம். முடிந்ததும் பேசாமல் எழுந்துபோக வேண்டாம், சாயா உண்டு, இருந்து பேசுவோம்.

9 அக்டோபர்

அப்பாவிடம் சொன்னேன். 26 வருடமாகச் சொல்லாததை, திண்ணையில் அவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கத்தி, தினத்தாள், மூன்று நாள், எல்லாம்.

இடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் மக்களே. கத்தி காணாமப் போனது தெரியும். அது போன இடத்துலயே வந்து இருந்ததும் தெரியும். அந்த மூணு நாளும் பழைய மொட்டைக் கத்தி வச்சு வெட்டினேன். வடக்கு வரிசையில நாலு மரத்துல ஆழமா எறங்கிப்போச்சு, முதலாளி சத்தம் போட்டாரு. காயம் ஆறி, பட்டை முண்டு முண்டாத்தான் வளந்துது. அப்புறம் அதுல நேரா வெட்டே விழல்ல. அந்த மரத்துக்கிட்ட போகும்போல்லாம் நினைப்பேன், உனக்கிட்ட கேக்கணும்னு.”

“ஏன்ப்பா கேக்கல்ல?”

வெற்றிலையை வாயில் போட்டார். அந்த நாலு மரமும் இப்போது இல்லை. தோட்டத்தை மொத்தமாக முறித்துப் புதுத்தை நட்டு எத்தனையோ வருடமாகிறது. அது எந்த இடம் என்று கேட்டேன். காலையில் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.